நான் கொன்ற தளபதி

எங்கள் அத்தைக்கு எதுவும் மறக்காது என்பது மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். எந்தப் பெண்ணுக்கு என்ன நட்சத்திரம், எந்த வருஷத்து மழையில் யார் வீட்டுச் சுவர் விழுந்தது, என் அப்பா எந்த வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டார், எல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருக்கும். அப்பாவுக்கு மூத்தவள். கணவர் போனபின் எங்களோடு வந்து சேர்ந்தவள். அவளுக்கென்று வேறு சொத்து பத்து கிடையாது. அந்த ஞாபகசக்தியை வைத்துக்கொண்டே எங்கள் வீட்டை ஆண்டாள். அதைத்தான் என் பதினோராவது வயதில் நான் நாசம் பண்ணினேன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அப்போதெல்லாம் புரை நன்றாக முற்றினால்தான் ஆபரேஷன் செய்வார்கள். இன்னும் சில மாதம் போகட்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அத்தைக்குக் கண்ணைவிடத் தொடர்கதையைப் பற்றித்தான் கவலை. வாரப் பத்திரிகை ஒன்றில் அப்போது ஒரு மாயாஜால ராஜா கதை வந்துகொண்டிருந்தது. கடலுக்கு நடுவே ஏழு தீவுகள், தீவுக்கு ஒரு மந்திரவாதி, ஏழையும் விழுங்கப் பார்க்கும் ஒரு கிழட்டுத் தளபதி. அப்பா செய்தித்தாளைத் தவிர எதையும் தொடமாட்டார். அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் வாடகை நூலகத்திலிருந்து பத்திரிகையை வாங்கி வந்து அத்தைக்குப் படித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மந்தைவெளியில் என் சிநேகிதி வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத நாலு குட்டிகள்! அவற்றை மடியில் போட்டுக்கொண்டு நேரம் போனதே தெரியவில்லை. நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்திரிகையை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டிலோ அத்தை ஈஸிசேரில் சாய்ந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் முதுகு பழுத்துவிடும். பழைய இதழ் ஒன்றை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, என் இஷ்டத்துக்கு ஒரு கதையைப் 'படிக்க' ஆரம்பித்தேன். அத்தைக்குத் தளபதியைக் கண்டாலே ஆகாது. சரி, அவளுக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நாலாம் தீவின் கோட்டை வாசலில் அவனை அகழியில் மூழ்கடித்துவிட்டேன். "ஒழிஞ்சான் கடங்காரன்!" என்று அத்தை கையைத் தட்டினாள்.

மறுவாரம் நிஜப் பத்திரிகை கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், மூழ்கிப்போன தளபதி முதல் வரியிலேயே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்திரிகையை விரித்தபடி அந்த வாரமும் நானே கதை சொன்னேன். அதற்கடுத்த வாரமும்.

பயம் மட்டும் காரணமில்லை. எழுதினவருடைய அத்தியாயத்துக்கு அத்தை தலையாட்டுவாள். என்னுடையதற்கு "ஐயையோ, அப்புறம்?" என்பாள். ருசி கண்டுவிட்டேன்.

ஆனால் அத்தையிடம் கதை விடுவது சாமானியமில்லை.

"ஏண்டி, துறைமுகத்துலேர்ந்து கோட்டைக்கு மூணு நாள் ஆகும்னு போன வாரம் படிச்சியே. இந்த ராஜகுமாரன் எப்படி அஸ்தமிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்தான்?"

"பறக்கற குதிரைல போனான் அத்தை."

"பறக்கற குதிரையை வெச்சுண்டு அன்னிக்கு எதுக்கு ஆத்தை நீந்திண்டு போனானாம்?"

"அது பௌர்ணமி அன்னிக்குத்தான் பறக்கும்."

"அப்போ சரி" என்றாள். அன்று முதல் ஏழு தீவுகளுக்கும் நான் பௌர்ணமி, அமாவாசை பார்க்கவேண்டியதாயிற்று. பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தேன். அடையாறு கடலில் கலக்கும் இடம் துறைமுகம். கிண்டிக் காடு மாயவனம், மான்கள் எல்லாம் சாபம் பெற்ற இளவரசர்கள். சைதாப்பேட்டைப் பாலத்தில் ஒரு பூதத்தைக் காவலுக்கு நிறுத்தினேன். எந்த மந்திரவாதிக்கு எது முடியும், எது முடியாது என்று பட்டியல் போட்டேன். பள்ளிக்கூடப் பாடத்தில் அந்த அக்கறை காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன்!

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அக்கம்பக்கத்து மாமிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பேச்சு தொடர்கதைப் பக்கம் திரும்பியது. தளபதி ஒழிந்ததும்தான் கதை களைகட்டுகிறது என்றாள் அத்தை.

"தளபதி எங்கே மாமி ஒழிஞ்சான்? இந்த வாரம்தான் ரெண்டாம் கல்யாணம் பண்ணிண்டிருக்கான்!" என்றாள் மாடி வீட்டு மாமி. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அத்தை விடவில்லை. நாலாம் தீவு, கோட்டை வாசல், பௌர்ணமிக் குதிரை என்று ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தாள். அப்படி ஒரு குதிரையே கதையில் கிடையாது என்றார்கள். அத்தை, நான் இருந்த பக்கம் திரும்பினாள்.

"சொல்லுடி, நீதானே படிச்சே? மூழ்கிப்போனான்னு படிச்சியா இல்லையா?"

பட்டுப்பாவாடையும் கையில் சுண்டலுமாக நின்றிருந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

"நான் அப்படிப் படிக்கலையே அத்தை" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "நீ நடுவுல தூங்கிட்டே. கனா கண்டிருப்பே" என்று வேறு சேர்த்தேன். கதையின் ஓட்டைகளை அடைத்துப் பழகிய நாக்கல்லவா! இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சிரிப்பு சட்டென்று நின்றது. யாரோ ஒரு மாமி, "வயசாறதோன்னோ, பாவம்" என்றாள் மெதுவாக. அத்தை என்னைத் திட்டவில்லை.

"அப்படியா? இருக்கும். தூங்கித்தான் போயிருப்பேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பத்திரிகையோடு போனபோது, "வேண்டாம்டி, எனக்கு ஒண்ணும் மண்டையில நிக்கமாட்டேங்கறது" என்று சொல்லிவிட்டாள். தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு. பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். தையில் ஆபரேஷன் நடந்து, தடிக் கண்ணாடியும் வந்தது. எழுத்து நன்றாகத் தெரிகிறது என்றாள். ஆனால் கதை எதையும் எடுத்துப் படிக்கவில்லை. யாராவது பழைய விஷயம் கேட்டால், "இவ அம்மாவைக் கேளுங்கோ, நான் ஏதாவது தப்பாச் சொல்லுவேன்" என்று எழுந்து போய்விடுவாள். அத்தைக்கு ஞாபகம் முன்னே மாதிரி இல்லை என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினாள். அப்பா வாரத்துக்கு ஒருமுறை வல்லாரைக் கீரை வாங்கி வந்தார்.

சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அத்தை என்னைத்தான் தேடி வருவாள். "மாத்திரை சாப்பிட்டேனாடி?" "கண்ணுக்கு மருந்து விட்டுண்டேனாடி?" ஏதாவது விளையாட்டில் இருப்பேன். தலையைக்கூடத் தூக்காமல், "ஆச்சு அத்தை" என்பேன். "நீ சொன்னாச் சரி" என்று நிம்மதியாகத் திரும்பிப் போவாள். வீட்டில் இத்தனை பேர் இருக்க, அத்தை நம்புவது என்னை ஒருத்தியைத்தான் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.