பேச்சுக் கேட்கிற கூண்டு

சூலூர் வரதராஜுலுவின் வாய்க்கு இரண்டு பாஷை. தெருவில் இறங்கினால் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. மில்லில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க இந்த ஒழுங்கு தப்பியதே இல்லை.

போன ஆடியில் மனைவி கோமளா போய்ச் சேர்ந்த பிறகு உள்ளே பேச ஆளில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் பாலகோபாலிடம் தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் வரும். பேத்தி லாஸ்யாவுக்கு இங்கிலீஷ் மட்டும்தான். சொந்தபந்தமோ, கல்யாணம் காட்சி என்றால் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒரு நாள் சல்லடைக்குத் தெலுங்கில் என்ன என்று யோசித்துப் பார்த்தார், வரவே இல்லை. கேட்பதற்கு அவள் இல்லையே என்று அடுப்படியில் நின்று அழுதார். வீட்டுப் பேச்சும் அவளோடு போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

பேச ஏதாவது ஓர் உயிர் வேண்டும். நாய் என்றால் அவருக்கு நடுக்கம், பூனை யாரையும் மதிக்காது. கோழிதான் சரி என்று முடிவு செய்து, ரெடிமேட் கூண்டு விற்கும் மதன்குமார் கடைக்குப் போனார். கோழியைக் கையால் தொட்டுக்கூடப் பழக்கமில்லாத மனிதர்!

"ஏனுங்க, எத்தனை கோழிங்க?" என்று கேட்டார் மதன்குமார்.

"ரெண்டுங்க."

"புதுசா வளக்கறவங்க எல்லாரும் ரெண்டுன்னுதான் வாராங்க. கொஞ்சம் பெருசாவே எடுத்துப்போடுங்க. இதப் பாருங்க, மூணு பக்கம் பலகை, காத்து மழை அண்டாது."

வரதராஜுலு குனிந்து பார்த்தார். "இதுக்குள்ள இருந்தா வெளிய பேசறது கேக்குமுங்களா?"

"யாருக்குங்க, கோழிக்கா?"

"ஆமாங்க. மூஞ்சியும் தெரியோணும்."

மதன்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுற்றிலும் கம்பி வலை போட்ட கூண்டைக் காட்டினார். மழைக்குத் தார்ப்பாய் கட்டச் சொன்னார். இரண்டு வளர்ந்த பெட்டைகளையும் அவரே கொடுத்து, ஒரு வாரம் திறக்காமல் வைத்தால்தான் கூண்டு பழகும் என்றார்.

அந்த வாரம் வரதராஜுலுவுக்குப் பொற்காலம். வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழங்கால் வலி, வெங்காய விலை, மகனின் கஞ்சத்தனம் எல்லாம் தெலுங்கில் கொட்டித் தீர்த்தார். கோழிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. புரிகிறது என்றே நம்பினார்.

வாரம் முடிந்து திறந்துவிட்ட அன்று, பொழுது சாயும்போது இரண்டும் முருங்கையில் ஏறிக்கொண்டன. "ரா அம்மா, ரா" என்று தெலுங்கில் வரச் சொல்லிக் கெஞ்சினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டினால் கீரி வந்துவிடும். பதறிப்போய் மதன்குமாருக்குப் போன் போட்டார்.

"நம்மூர்ல கோழியக் கூப்புடற மாதிரி பா பான்னு கூப்பிடுங்க. குஞ்சுலயிருந்து அதுகளுக்கு அந்தப் பேச்சுதானுங்க பழக்கம்."

வரதராஜுலு இன்னும் ஒரு முறை "ரா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பா... பா... பா..." என்றார்.

இரண்டும் தொப்பென்று குதித்து, ஓடிவந்து கூண்டுக்குள் நுழைந்தன.

இனி இந்த வீட்டில் தெலுங்கு கேட்க ஒருவரும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தாழ்ப்பாளைப் போட்டார். வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"சாப்பிட்டீங்களா கண்ணு?" என்று தமிழில் கேட்டார்.