ஒரு தட்டு என்றால் ஆமாம்

"கல்யாணத்த நிறுத்திரலாமா, ஆல்வின்?" என்று பியூலா போனில் கேட்டாள். கல்லூரிக்குப் போவதற்காக நான் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மஸ்கட்டில் அவளுடைய ஆஸ்பத்திரி வேன் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் என் படகும் போய்விட்டது.

போன ஓணம் முடிந்து வந்த திங்கட்கிழமை அது. அந்த நிலைக்கு எங்களைக் கொண்டுபோனது ஜெபம். அதிலிருந்து எங்களைத் தூக்கிவிட்டதும் ஜெபம்தான். இது எப்படி என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விசுவாசிகளே, நீங்களும் கூட உட்கார்ந்து யோசியுங்கள் என்றுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பஜாரில் அரிசி வியாபாரம் தொடங்கியவர். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மலையாள ஆராதனை முடிந்த பிறகு அதே மண்டபத்தில் எங்கள் ஆராதனை. என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுவோம். இந்தச் சாட்சியின் தமிழைக்கூட அம்மாதான் திருத்தினாள்.

பியூலாவும் அதே சபைப் பெண். வீடு சுள்ளிக்கல்லில். வாலிபர் கூட்டத்தில் பழகினோம். இரண்டு வீட்டாரும் சம்மதித்து நிச்சயமும் செய்தார்கள். உடனே இரண்டு பேருக்கும் கதவு திறந்தது. அவளுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. எனக்குக் காயலுக்கு அக்கரையில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. சீட்டு. என் இரண்டாம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கல்யாணம், அதோடு அவள் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

பேசி வைப்பது சுலபம். எம்.பி.ஏ. என்றால் பரீட்சைக்கு முந்தின வாரம் படிக்கிற படிப்பு என்று நினைத்திருந்தேன். கேஸ் ஸ்டடி, அசைன்மென்ட், பிரசன்டேஷன் என்று அது ஆளை விழுங்கிவிட்டது. குரூப் மீட்டிங்குக்கு நேரம் காலமே கிடையாது. என்னோடு படித்தவர்கள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். இங்கிலீஷில் வெளுத்து வாங்குவார்கள். அப்பாவின் கடையில் சில வருஷம் உட்கார்ந்துவிட்டுப் போன நான், வகுப்பில் ஒரு வாக்கியம் பேசுவதற்குமுன் மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பேன். அங்கே பியூலாவுக்கு நாள் முழுக்க டியூட்டி. அவள் ஓய்வாக இருக்கும்போது நான் மீட்டிங்கில். நான் ஓய்வாக இருக்கும்போது அவள் வார்டில்.

இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைத்தது விடியற்காலை அரை மணி நேரம் மட்டும். அவளுக்கு வேன் வருவதற்குமுன், எனக்குப் படகு புறப்படுவதற்குமுன். அந்த நேரத்தைக் கர்த்தருக்குக் கொடுப்போம் என்று முடிவுசெய்தோம். கேட்டவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு ஜோடியா!" என்று அம்மா சபை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் சபையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவது. மருமகள் காதுபட மாமியார், "ஆண்டவரே, இந்த வீட்டில் இருக்கிற சோம்பலின் ஆவியைக் கட்டும்" என்பாள். மருமகளும் "ஆமென்" என்றுதான் சொல்லியாக வேண்டும். எதிர்த்துப் பேச முடியாது. ஜெபமல்லவா!

நாங்கள் இதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். "கர்த்தாவே, கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு ஞாபகசக்தியைத் தாரும்" என்பாள் அவள். "கர்த்தாவே, படிப்பின் பாரத்தை அறியாதவர்களுக்கு அதை உணர்த்தும்" என்பேன் நான். அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கும்படி, பதவி உயர்வோடு ஒரு வாய்ப்பு வந்தது. அதை அவள் என்னிடம் சொன்னதே ஜெபத்தில்தான். "நீர் திறக்கிற கதவு எதுவோ, அதில் தயங்காமல் நடக்க எனக்குப் பெலன் தாரும்" என்றாள். நான் விடுவேனா? "தேவையில்லாத கதவுகளை எல்லாம் அடைத்துப்போடும் ஆண்டவரே" என்றேன். இரண்டு பேரும் "ஆமென்" சொன்னோம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன ஆமென் அது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதையும் ஏன், எப்படி என்று குடையாமல் விடமாட்டேன். பியூலா ஏன் மாறிவிட்டாள் என்று ஆராயத் தொடங்கினேன். எம்.பி.ஏ. புத்தி சும்மா இருக்குமா? எங்கள் உறவின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டு, ஒரு ஸ்லைடு தயாரித்து அவளுக்கு அனுப்பினேன். ஆபத்து என்ற கட்டத்தில் 'ஓமான்' என்று எழுதியிருந்தேன். "நான் என்ன உன் கம்பெனியா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டில் உபவாச ஜெபம். 'பியூலாவுக்கு நல்ல புத்தி உண்டாக' என்று ஜெப விண்ணப்பம் கொடுத்தேன். அவள் வீட்டார் வழியாக அது மஸ்கட்டுக்கே எட்டிவிட்டது. அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் அவள் கல்யாணத்தை நிறுத்தலாமா என்று கேட்டது.

படகு போன பிறகு துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. சுற்றிலும் ஆட்கள், வெட்கத்தைப் பார்க்கவில்லை. அலங்கார வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "அப்பா, எனக்கு ஒண்ணும் தெரியல. அவள விட என்னால முடியாது. நீரே பாரும்." இவ்வளவுதான் சொன்னேன். அது பியூலாவின் காதுக்கு எட்டாத ஜெபம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பல மாதங்களுக்குப் பிறகு நான் கர்த்தரோடு மட்டும் பேசியது அதுதான்.

அன்றைக்கே புராஜெக்ட் வேலையாக, முன்பு யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் இருந்த மசாலாக் கிடங்குகளுக்குப் போனேன். கிடங்கு கிடங்காக ஏறி இறங்கி, வியாபாரிகளிடம் கேள்வி கேட்டுக் கேட்டே பொழுது போனது. ஒரு கிடங்கில் வற்றல் மிளகாய் மூட்டைகளைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தும்மித் தும்மி வீடு வந்து சேர்ந்தபோது குரல் கரகரத்தது. மறுநாள் விடிந்தபோது குரலே இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது.

பியூலாவுக்குச் செய்தி அனுப்பினேன். குரல் போய்விட்டது, ஆனாலும் கூப்பிடு என்று எழுதினேன். நாடகம் என்று நினைப்பாளோ என்று பயமாக இருந்தது. கூப்பிட்டாள். நேற்றுக் கேட்டதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வழக்கம்போல ஜெபிக்கத் தொடங்கினாள். "கர்த்தாவே, தன் பக்கம் மட்டுமே நியாயம் என்று நினைக்கிறவர்களுக்கு..." அதோடு நின்றுவிட்டாள். என் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. இன்னொரு தடவை தொடங்கினாள், மறுபடியும் நின்றாள்.

"எதிர்ப்பாட்டு இல்லாம எனக்கு ஜெபிக்கவே வரல ஆல்வின்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டுமே வந்தது.

அவசர அவசரமாக நான் நீளமாக ஒரு செய்தி அடிக்க ஆரம்பித்தேன். திரையில் அது தெரிந்திருக்க வேண்டும். "டைப் பண்ணாத. டைப் பண்ணா நீ வக்கீலாயிடுவ. பக்கத்துல என்ன இருக்கு? அதத் தட்டு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு."

சாயா குடித்த எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. ஒரு தட்டு தட்டினேன்.

"தொண்ட வலிக்குதா?" ஒரு தட்டு. "ஏதாவது சாப்பிட்டியா?" இரண்டு. "ஏன்..." என்று ஆரம்பித்தவள், "சீ, ஏன்னு கேட்டா தட்ட முடியாதுல்ல" என்று நிறுத்தினாள். அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஏன், எப்படி என்று யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்க வேண்டுமானால், எதிரே இருப்பவனின் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்க வேண்டும். இத்தனை கேள்வி கேட்டவன் நான், அவளிடம் அப்படி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

அவள் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"படிப்பு பயமா இருக்கா?" ஒரு தட்டு. "கிளாஸ்ல எல்லாரும் உன்ன விட ஸ்மார்ட்டுன்னு தோணுதா?" ஒரு தட்டு. இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. எப்போது கேட்டாலும் எல்லாம் நல்லாப் போகிறது என்றே சொல்லியிருந்தேன். "நான் இங்க வேலையில நல்லா இருக்கேன்னு... உனக்குக் கொஞ்சம் பொறாமையா?" ஸ்பூனைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிறகு மெதுவாக ஒரு தட்டு.

அவள் கோபப்படவில்லை. முதல் தடவையாக அவள் பக்கத்தைச் சொன்னாள். "எனக்கும் பயம்டா. நீ எம்.பி.ஏ. முடிச்சு, கோட்டு போட்டுட்டு பாம்பே, பெங்களூர்னு போயிருவ. நான் இருக்கிற வேலையையும் விட்டுட்டு சுள்ளிக்கல்ல உக்காந்து உனக்காகக் காத்திருக்கணும். அதுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் கேட்டேன். உங்கிட்ட கேக்கத் தைரியம் வரல. அதான் கர்த்தர்கிட்ட கேக்குற மாதிரி கேட்டேன்."

டம்ளரை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒரு வருஷம் கூட இருக்கேன்னா உனக்குக் கோபமா?" என்று கேட்டாள். இல்லை என்று தட்டக் கை போனது. அப்புறம் உண்மையையே தட்டினேன். ஒரு தட்டு.

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். "இத்தன மாசத்துல இன்னைக்குத்தான் நீ எங்கிட்ட பேசியிருக்க. சரி, கடைசியா ஒண்ணு. அந்தக் கோபத்தோடயே என்னக் கட்டிக்குவியா?"

ஒரு தட்டு போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கை நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "ஏலே, டம்ளர் என்ன பாவம்ல பண்ணிச்சு?" என்றாள். போனில் பியூலா சிரிப்பதைக் கேட்டதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அன்றைக்குப் போன கிளினிக்கில் டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒராழ்ச மிண்டக்கூடாது, கேட்டோ? ரகசியம்கூடப் பேசக்கூடாது" என்றார். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாதாம். குரூப் பிரசன்டேஷனில் என் பங்கை ஸ்ருதி என்ற பெண் பேசினாள். எனக்கு மார்க்கு கொஞ்சம் குறைந்தது. அந்த வாரம் முழுக்க விடிந்தால் டம்ளரும் ஸ்பூனும்தான். கேள்வியெல்லாம் பியூலாவுடையது. அரை மணி நேரத்தில் எங்களுக்குள் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவள் சின்னதாக ஜெபிப்பாள். யாரையும் குத்தாத ஜெபம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் கல்யாணம் பேசியபடியே நடந்தது. பியூலா மறுபடி மஸ்கட் போனாள். நான் படிப்பை முடித்து, ஜூ டவுனில் ஒரு மசாலா ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். அவள் வருகிற கிறிஸ்துமஸுக்கு ஊருக்கே வருகிறாள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இப்போதே விண்ணப்பித்து வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு ஏர்போர்ட்டில் அவளை விட்டுவிட்டு வந்தபோது வழியெல்லாம் அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் இன்னும் குடைந்துகொண்டிருக்கிறேன். பியூலாவுக்குப் புத்தி வர வேண்டும் என்று நான் கேட்டேன். கர்த்தர் என் குரலை எடுத்தார். டாக்டர் மிளகாய்த் தூசி என்கிறார். அம்மா ஃபிரிட்ஜ் தண்ணீர் என்கிறாள். அளவுக்கு மீறிப் பேசினால் அப்படித்தான் என்கிறாள் ஸ்ருதி. மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் மிளகாய் மூட்டை எல்லா நாளும்தான் கொட்டப்படுகிறது. படகுத்துறையில் நான் அழுது ஜெபித்த அதே நாளில் அது என் தொண்டைக்குள் வந்ததே, அதற்கு என்ன பதில்? எனக்கு ஒரே பதில்தான் தெரிகிறது. அவருக்கே எல்லா ஸ்தோத்திரமும்.

தூரத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு இங்கே படிப்போடும் வேலையோடும் மல்லுக்கட்டுகிற வாலிபத் தம்பி தங்கைகளே, தைரியமாக ஜெபியுங்கள். கேட்கிற கர்த்தர் நமக்கு உண்டு. ஆனால் நாளைக் காலையில் முழங்கால் போடும்போது, உங்கள் ஜெபம் யார் காதுக்குப் போகிறது என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். கர்த்தர் காதுக்கு என்றால் தொடர்ந்து கேளுங்கள். பக்கத்து அறையில் இருப்பவர் காதுக்கு என்றால், எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.