பங்காளி பக்கத்து எதிரொலி

நிலத்தைச் சம்மட்டியால் அடித்து, ஆழத்திலிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கித் தருவது எங்கள் தொழில். பலமானதைப் பலமாகவும் மெலிந்ததை மெலிந்ததாகவும் காட்டுவதுதான் அதன் ஒரே ஒழுக்கம். வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்மட்டி

மம்சாபுரத்தில் மாடசாமி அண்ணாச்சிக்குத் தென்னந்தோப்பு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கிணறு வற்றி மட்டைகள் தொங்கிவிட்டன. இந்தக் கோடைக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் மரங்கள் தாங்காது. போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்ல எங்களை அழைத்தார்.

வேலிக்கு அப்பால் அவர் தம்பியின் தரிசு. பாகம் பிரித்ததிலிருந்து பேச்சில்லை. ஆழம் தெரிய வேண்டுமானால் கருவிகளை வேலி தாண்டி அவர் நிலத்திலும் நீளமாக நட வேண்டும். நானே தம்பியிடம் போய்க் கேட்டேன். சம்மதித்தார்; படத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எல்லா அடியும் ஒரே வலுவில் விழ வேண்டும். மாடசாமி சம்மட்டி பிடித்த எங்கள் ஆளை நெருங்கி நின்று சொன்னார்: "நம்ம பக்கம் நல்லா ஓங்கிப் போடுலே. அவன் பக்கம் லேசாத் தட்டுனாப் போதும்."

ஆல்பம்

ராஜபாளையம் அலுவலகத்தில் படம் தயாரானது. தோப்பு முழுக்க மங்கல். தம்பியின் தரிசுக்கு அடியில் மட்டும் ஒரு பட்டை பளிச்சென்று. அங்கே பாறை உடைந்திருக்கலாம், தண்ணீர் நிற்கலாம்.

மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் மெலிந்த எதிரொலியும் பலமானதற்குச் சமமாகிவிடும். நான் மாட்டேன் என்றேன். எங்கள் மேனேஜரே அமுக்கினார். தோப்பும் ஜொலித்தது. பிறகு தன் மகளின் கல்யாண ஆல்பத்தை மேசையில் விரித்தார். இரு வீட்டாரும் ஒரே வெளுப்பு.

"இதுல எவனாவது வந்து, நான் இந்த நிறம் இல்லேன்னு சண்டை போட்டானா?"

இரண்டு படம்

மாடசாமியிடம் இரண்டையும் கொடுத்தேன். மங்கலானதுதான் நிஜம், தம்பியைக் கேட்டு அவர் நிலத்தில் போட்டால் இருவருக்கும் போதும் என்றேன். மங்கலை மடித்து என்னிடமே நீட்டிவிட்டு, ஜொலித்ததைத் தட்டிக் காட்டினார்.

"பட்டாளத்துல இருந்தவன் போயி அவன்ட்ட நிக்கணுமா? இதுல எனக்கும் அம்புட்டும் இருக்குல்லா."

புழுதி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போர் லாரி வந்து தோப்பில் துளை போட்டது. சாயங்காலம் வரை வெள்ளைப் புழுதிதான். தொங்கிய மட்டைகளில் எல்லாம் படிந்தது. மேனேஜர் போனை எடுக்கவில்லை.

தம்பிக்குத் தர வேண்டிய பிரதி என் கையில் இருப்பதை மாடசாமி பார்த்துவிட்டார். இப்போதாவது தம்பியிடம் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்:

"எனக்கு இல்லேன்னாப் போவுது, சார். அவனுக்குக் குடுக்கிற படத்துல அந்தப் பட்டையக் கொஞ்சம் மங்கலாக்கிக் குடுங்க."

படத்தை அப்படியே தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கூட்டத் தெரிந்த மென்பொருளுக்குக் குறைக்கவும் தெரியும் என்பதை எந்த அண்ணனிடமும் சொல்லாமலிருப்பதுதான் இத்தொழிலில் எனக்கு மிஞ்சிய ஒழுக்கம்.