அப்பா கூட்டிய சத்தம்

புது வீட்டின் பெரிய ஹாலுக்கு ஸ்பீக்கர் பார்க்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பழைய சிங்களப் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். காலடியில் தரை அதிர்ந்தது.

எண்பத்து மூன்று ஜூலையிலும் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுத் தரை இப்படித்தான் அதிர்ந்தது. அப்பா இரண்டு ஸ்பீக்கர்களையும் ஜன்னலோரம் இழுத்து வைத்துச் சிங்களப் பாட்டுப் போட்டார். தமிழர் வீடுகளைத் தேடித் தெருவில் வந்த கூட்டம் எங்களைச் சிங்களவர் என்று நம்பிக் கடந்துபோய், பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தது. அங்கே செல்வம் மாமி தனியாக இருந்தார்.

“அப்பா, மாமி கத்திக் குளறுறா.”

“பேசாம இரு.”

அப்பா சத்தக் குமிழைக் கடைசிவரை திருகினார். பிறகு பாட்டு மட்டும்தான் கேட்டது.

“இதில பாட்டுக்குப் பின்னால வாற சின்னச் சத்தமும் தெளிவாக் கேக்கும், சேர்” என்றார் கடைக்காரர்.

நான் வாங்கவில்லை.