பரணில் இருபத்து நாலு பொங்கல்

பொங்கலன்று விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கிய நீங்கள் ரெண்டு பேரும் பரணைப் பார்த்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணப் போறீங்களாப்பா என்று கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், கோர்வையாக வராது. பொறுத்துப் படியுங்கள்.

அந்தப் பரணைக் காலி செய்யப்போய், உங்கள் மாமாவை அம்மாவிடமிருந்து பிரித்துவிட இருந்தேன். வாராவாரம் ஞாயிறு காலை போன் பண்ணுகிற மனிதர், ஏழு ஞாயிற்றுக்கிழமை பண்ணவில்லை. பொங்கல் சீர் கொண்டு அண்ணன் வருவாரா, மாட்டாரா என்பதைத் தவிர அந்த மார்கழி மாதம் உங்கள் அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆரம்பம் தீபாவளிக்கு முந்தின வாரம். முறுக்கு மாவு பிசைய அகலமான பேசின் வேண்டும் என்று அம்மா ஸ்டூலில் ஏறிப் பரணுக்குள் கையை விட்டாள். முன்னால் நின்ற பெரிய தவலை சரிந்தது. அதைப் பிடிக்கப்போய் அவளும் சரிந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தஞ்சாவூரில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். உங்களிடம் கொல்லையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். மாமாவிடமும் அதையேதான் சொன்னோம். காரணம், சரிந்த தவலை மாமா கொடுத்தது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது. சொல்லிடாதீங்க" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

மாமா சீர் கொண்டுவருவது உங்களுக்குத் தெரியும். நன்னிலத்திலிருந்து மூன்று பஸ் மாறி, போகி காலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் வெல்லமுமாக வந்து இறங்குவார். கூடவே ஒரு எவர்சில்வர் பாத்திரம். கல்யாணமான முதல் வருஷம் ஒரு சொம்புதான். அடுத்த வருஷம் தூக்கு. அதற்கடுத்து குடம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு சுற்றுப் பெரிதாகிக்கொண்டே போனது. எல்லாவற்றிலும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'தங்கைக்கு அண்ணன், தைப் பொங்கல்' என்று வெட்டியிருக்கும். இருபத்து நாலு பொங்கல், இருபத்து நாலு பாத்திரம். நம் வீட்டு உலையில் கொதிப்பதோ முக்கால் படி அரிசி.

அம்மா கையைக் கழுத்தில் கட்டின தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் சமையலில் இறங்கினேன். முதல் வாரம் ரசம் என்று நான் வைத்ததை அவள் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, என்ன குழம்பு இது என்று கேட்டாள். அது போகட்டும். ஆனால் சமைத்துக் கழுவிக் கவிழ்க்கிறவனுக்குத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பால் காய்ச்ச ஒன்று, வாணலி ஒன்று. இந்த நாலையும் வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். ஐந்தாவது பாத்திரத்தைத் தேடிப் பரணைப் பார்க்கவேண்டிய அவசியமே வரவில்லை. அப்படியானால் மேலே இருப்பதெல்லாம் எதற்கு? அவள் கையை முறிக்கவா?

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை பரணில் ஏறினேன். ஐஸ்கிரீம் டப்பா மட்டும் ஒரு சாக்கு வந்தது. மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே தெர்மாகோலோடு. ஜவுளிக்கடைப் பைகள் மடித்து மடித்து ஒரு தலையணை உயரத்துக்கு. நீங்கள் எல்கேஜியில் போட்ட யூனிபார்ம். ஓடாத மிக்சி இரண்டு. ஒவ்வொன்றாக இறக்கி அவள் முன்னால் வைப்பேன். அவள் இடது கையால் இருக்கட்டும் என்றோ போகட்டும் என்றோ காட்டுவாள். பாதிக்கு மேல் போகட்டும்தான். நான் உற்சாகமாகி, பார்த்தியா, எவ்வளவு குப்பை சேர்த்து வெச்சிருக்கே என்று வாயை விட்டேன்.

"உங்க மோட்டார் ரூம்ல இருக்கிறது என்ன, கோயில் நகையா?" என்றாள்.

அது நியாயம். அங்கே ஓட்டை ஸ்பிரேயர் மூன்றும், எரிந்துபோன காயில் கம்பியும், எந்தப் பூட்டுடையது என்று தெரியாத சாவிகளும் இருந்தன. மோட்டார் ரூமை முதலில் காலி செய்த பிறகுதான் பரண் வேலையைத் தொடரலாம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. செய்தேன். இரும்புக்கடைக்காரர் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் எனக்கு என்னவோ போல இருந்தது. மூன்றாம் நாள் மோட்டார் போட உள்ளே போனபோது, கால் வைக்க இடம் இருந்தது.

ஆனால் பாத்திரத்துக்கு வந்ததும் அம்மா ஒரு விதி போட்டாள். பெயர் வெட்டாத பாத்திரம் போகலாம், பெயர் வெட்டினது ஒன்றுகூடப் போகக்கூடாது. நம் பக்கத்தில் பெயர் வெட்டாமல் யார் பாத்திரம் கொடுக்கிறார்கள்? உங்கள் காதுகுத்து, வீடு கட்டினது எல்லாவற்றுக்கும் வந்த பாத்திரம் அத்தனையிலும் ஒரு பெயர். அவற்றையும் மாமா பாத்திரங்களையும் தொடாமல் விட்டால், பரண் முக்கால்வாசி அப்படியேதான் நிற்கும். சரி, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் மாமா நன்னிலத்தில் கட்டின புது வீட்டுக்குக் குடிபோனார். பால் காய்ச்சுகிற விசேஷத்துக்கு நாம் ஒரு நல்ல பாத்திரம் கொண்டுபோக வேண்டும். எப்போதும் கடைக்கு அம்மா வருவாள், தட்டிப் பார்ப்பாள், கனம் பார்ப்பாள். அந்த முறை கையில் கட்டு. நீங்களே பார்த்துப் புதுசா வாங்கிட்டு வாங்க என்றாள்.

நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பரணின் கடைசியில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத அண்டா ஒன்று மூடியோடு பளபளவென்று இருந்தது. புது அண்டா சும்மா கிடக்க, இன்னொன்று வாங்கி வீட்டில் சாமானைக் கூட்டுவானேன் என்று எனக்கு ஒரு புத்தி. உங்கள் காதுகுத்துக்கு வந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். கவருக்கு மேலேயே சுற்றித் திருப்பிப் பார்த்தேன், தூசியில் ஒன்றும் தெரியவில்லை. நேரே திருக்காட்டுப்பள்ளிப் பாத்திரக் கடையில் கொடுத்து, நம் பெயரை வெட்டி, கலர் பேப்பர் சுற்றச் சொல்லிவிட்டு உரம் வாங்கப் போனேன். அம்மாவிடம் வாங்கியாச்சு என்று சொன்னேன். ஒரு வார்த்தைதான். பொய்தான்.

விசேஷம் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் அத்தை அதில் அரிசி கொட்டிவைக்கப் பேப்பரைப் பிரித்திருக்கிறார். ஒரு பக்கம் நம் பெயர். மறு பக்கம், 'தங்கைக்கு அண்ணன், தைப் பொங்கல்'.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. விசேஷம் முடிஞ்ச களைப்பு, மறந்திருப்பார் என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இவளே கூப்பிட்டாள். அத்தை எடுத்து, வயலுக்குப் போயிருக்காங்க என்றார். மூன்றாம் முறையும் அதே பதில் வந்ததும், என்ன அண்ணி, ஏதாவது கோவமா என்று இவள் கேட்டுவிட்டாள். அத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நான் வரப்பு வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா கொல்லைப்படியில் வந்து நின்றாள்.

"அந்த அண்டா எங்கேருந்து எடுத்தீங்க?"

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது எந்த வருஷத்து அண்டா என்று மட்டும் சொன்னாள். புயல் அடித்து, மாமா வீட்டுத் தென்னை நாலும் வேரோடு சாய்ந்த வருஷம். நம் வீட்டு ஓடும் பறந்து, ஆள் தேடிச் சரிபண்ணிக்கொண்டிருந்தோம். அந்த நிலைமையிலும் மாமா அண்டா வாங்கி வந்தார். கிடந்த அலங்கோலத்தில் அதைப் பிரிக்காமலே மேலே ஏற்றினோம். அப்புறம் மறந்தேபோனோம்.

"இனிமே இந்த வீட்டுலேருந்து ஒரு ஸ்பூன்கூட வெளிய போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாசலில் கட்டிவைத்திருந்த டப்பா மூட்டையை ஒற்றைக் கையால் உள்ளே இழுத்துப் போட்டாள்.

பாத்திரக் கடையில் போய்க் கேட்டேன், பெயர் இருப்பதைப் பார்த்தால் சொல்லக் கூடாதா என்று. பெயர் வெட்டுகிறவர் பாவம் போல, ரெண்டு குடும்பமும் சேந்து குடுக்கிறீங்கன்னு நெனச்சேன் சார் என்றார். அவரைச் சொல்லி என்ன?

மார்கழி பாதி போய்விட்டது. ஞாயிறு காலையில் அம்மா போனைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டே வேலை செய்வாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் அவளிடம் உரக்கடைக்கு என்று சொல்லிவிட்டு (அதுவும் பொய்தான், கடைசிப் பொய்) நன்னிலம் பஸ் ஏறினேன்.

மாமா வயலில் இருந்தார். சம்பா கதிர் பால் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாங்க மாப்ள என்றார். மரியாதை குறையவில்லை. ஆனால் வழக்கமாகத் தோளில் போடுகிற கையைப் போடவில்லை. வரப்பில் நின்றபடி நடந்ததையெல்லாம் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, உங்கள் தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அவர் ஒரு கதிரை நிமிண்டிப் பார்த்துக்கொண்டே பேசினார். அம்மா அவருக்கு இன்னமும் பாப்பாதான்.

"சாமான் திரும்பி வந்ததுக்கு இல்ல மாப்ள. பாப்பா அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கலியே, அதுதான்."

அதற்கு மேல் எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. அவள் விழுந்தது கொல்லையில் இல்லை, பரணிலிருந்து சரிந்த தவலையைப் பிடிக்கப்போய்த்தான் என்றேன். யார் தவலை என்று அவர் கேட்கவில்லை. ஈர வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏன் மறைச்சீங்க என்றார். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவள்தான் மறைக்கச் சொன்னாள் என்றேன்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் சின்னதாப் போயிட்டா, உங்க வீட்டுல பாப்பாவை யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதேன்னுதான் பெருசாப் பாத்துப் பாத்து வாங்கினேன்."

"யாரு மச்சான் சொல்லப் போறா? புள்ளைங்க வெளியூர்ல. வீட்டுல இருக்கிறதே நான் ஒருத்தன். நான் வெக்கிற ரசத்தையே அவ சொல்லிக்கிட்டு இருக்கா."

அவர் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். சிரிக்கவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார், சாப்பிட்டேன். சோறு போடும்போது அத்தை என்னிடம், எங்க பழைய வீட்டுச் சாமானைப் புது வீட்டுல வெக்க எடமில்லண்ணே, குடுத்தவங்களுக்கே திருப்பிக் குடுத்துடலாமான்னு இருக்கு என்று சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தார். அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். போகிக்கு வருகிறேன் என்று சொல்வார் என்று பஸ் கிளம்பும் வரை பார்த்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். போயிட்டு வந்தீங்கல்ல, அது போதும் என்றாள். போதவில்லை என்று முகம் சொன்னது.

போகி காலை. தெருவில் பழைய பாயும் முறமும் எரிந்து, அந்தப் புகை நம் வாசல் வரை வந்தது. கட்டுப் பிரித்த கையால் அம்மா மெதுவாகக் கோலம் போட்டாள். வழக்கமாக மாமா வருகிற பஸ் போனது. அவர் இல்லை. இட்லியை மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸும் போனது. நான் முனை வரை போய்ப் பார்த்து வருகிறேன் என்று செருப்பை மாட்டினபோது, கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே வந்துகொண்டிருந்தார். தஞ்சாவூரில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாராம்.

கரும்பு, மஞ்சள், பச்சரிசி, வெல்லம். பாத்திரம் இல்லை. இருபத்து நாலு வருஷத்துப் பழக்கம், கை காலியாக இருப்பது அவருக்கே கூச்சமாக இருந்தது. துண்டை இந்தத் தோளிலும் அந்தத் தோளிலும் மாற்றிக்கொண்டார். அம்மா அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தாள். வெல்லத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.

"கை எப்படிம்மா இருக்கு?" என்றார். அவளுடைய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏணி இருக்கா மாப்ள என்றார்.

ஸ்டூலை அவர் தொடவில்லை. ஏணி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, அவரே ஏறினார். பாத்திரம் பாத்திரமாக இறக்கித் தர நான் வாங்கி வைத்தேன். அண்ணனும் தங்கையும் நடுவில் குவித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். இது பெரியவ பொறந்த வருஷம். இது காவிரியில தண்ணியே வராத வருஷம், கடைக்காரன்கிட்ட முகம் பாத்து வாங்கினது. அம்மாவுக்கு எதையும் விட மனசில்லை. மாமாதான் கறாராக இருந்தார்.

"இந்தத் தவலையை வெச்சு நீ என்ன பண்ணப் போறே? ஊருக்கா ஆக்கிப் போடப் போறே?"

அப்படிச் சொன்னதில்தான் அந்த யோசனை வந்தது. நம் தெருவில் விசேஷம் என்றால் மாரியம்மன் கோயில் அறையில் இருக்கிற பொதுப் பாத்திரத்தைத்தான் எடுக்கிறோம். அதில் பாதி அடுப்பில் வெந்து நசுங்கினது. சொம்பையும் தூக்கையும் ஒரு குடத்தையும் அம்மா வைத்துக்கொண்டாள். மற்றதை மாமாவும் நானும் மூன்று நடையாகக் கோயிலுக்குக் கொண்டுபோய் அடுக்கினோம். காதுகுத்துக்கு வந்தவற்றையும் அந்தக் கையோடு கொடுத்துவிட்டோம். பெயர் வெட்டியிருக்கே, பரவாயில்லையா என்று பூசாரி கேட்டார்.

"இருக்கட்டும். யாரு தங்கச்சின்னு கேட்டா என் தங்கச்சின்னு சொல்லுங்க" என்றார் மாமா.

எப்போதும் சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்கு ஓடுகிறவர், அன்று மத்தியானம் பரண் காலியான அறையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அம்மா வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்து, ஏழு வாரத்துப் பேச்சையும் பேசினாள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, அத்தையின் முட்டிவலி எப்படி, புது வீட்டில் எந்தப் பக்கம் காற்று வருகிறது. அவர் பாதித் தூக்கத்தில் உம் கொட்டினார். நான் குறுக்கே போகவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நின்று, அடுத்த வருஷம் என்ன வாங்கியாரட்டும் என்று கேட்டார்.

"மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வா அண்ணே" என்றாள் அம்மா. "எதுக்கு அடுத்த வருஷம்? அறுப்பு முடிஞ்சதும் வா."

மாசியில் வந்தார். அத்தையும் வந்தார். மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள்.