காலால் பிறந்தவள்

திருக்காட்டுப்பள்ளி பஞ்சர் கடைக்காரர் என் ஸ்கூட்டி டயரில் மிச்சமிருந்த காற்றை இறக்கினார். உஸ்ஸென்ற அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குப் பெரியப்பா மேல் ஆத்திரம் வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா துபாயில். குறுவை அறுப்பின்போது வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்த அம்மாவுக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமானது, கழுத்து நரம்பு புடைத்தது. அறுப்பை விட்டுக் காரை எடுக்கப் பெரியப்பாவுக்கு மனமில்லை.

"வெறும் மூச்சுப் பிடிப்பு. இவ மிதிச்சா விட்டுரும்" என்றார்.

பிறக்கும்போது எனக்குக் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்று ஊரே நம்பியது. அம்மாவைக் குப்புறப் போட்டு விளக்கெண்ணெய் தடவினார்கள். மாட்டேன் என்று அழுத என்னைத் தூக்கி அவள் முதுகில் நிறுத்தியவர் பெரியப்பாதான். பாதத்துக்கடியில் ஏதோ நொறநொறத்தது.

பக்கத்து வீட்டுக்காரர்தான் வேனில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்கவில்லை.

"எலும்பு ஒடஞ்சு நுரையீரலக் குத்தியிருக்கு. காத்து உள்ள கசிஞ்சு அமுக்குது" என்று நெஞ்சில் ஊசியை இறக்கினார். உஸ். அம்மா மூச்சு இழுத்தாள், பிழைத்தாள்.

முதுகில் எண்ணெய்க் கால்தடத்தைப் பார்த்த டாக்டரம்மா, "யாருங்க மிதிச்சது?" என்று சீறினார்.

பெரியப்பா என்னைக் காட்டினார். "இந்தக் குட்டிதாங்க."

இன்று காலை அவரே போன் செய்தார். "முதுகு புடிச்சிருக்கும்மா. ஒன் காலு ராசியான காலு. வந்து ஒரு மிதி மிதிச்சுட்டுப் போ."

பஞ்சர் ஒட்டியாயிற்று. வண்டியைக் கிளப்பினேன். அன்று நான் கொத்தவரங்காய் மாதிரி இருந்தேன். இன்று எழுபத்தெட்டு கிலோ.