ஹெலன் டீச்சர் வீட்டு மோட்டார் போட்

நின்றுபோன எஞ்சினை ஓட வைப்பதுதான் எங்கள் தொழில். அது ஏன் நின்றது என்று துருவித் துருவிக் கேட்காமல் இருப்பது அந்தத் தொழிலின் மரியாதை. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் நானும் சலீம் பாயும் கூட்டாக ஒரு பட்டறை நடத்துகிறோம். ஷூ கம்பெனி ஜெனரேட்டர் வரும், கிணற்று எஞ்சின் வரும், கூடவே "நேத்து வரைக்கும் நல்லா ஓடினு இருந்துது" என்ற பொய்யும் வரும். உங்கள் வீட்டிலும் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய ஸ்கூட்டர் ஒன்று இருக்கும். நீங்களும் என்னைப் போன்ற ஒருவனிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருப்பீர்கள். நாங்களும் "ரெண்டு நாள்ல ரெடி" என்று எங்கள் பங்குக்கு ஒன்று சொல்லியிருப்போம், கணக்கு நேராகிவிடும். ஹெலன் டீச்சர் மட்டும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பாலாற்றங்கரையில் படகு

"மோட்டார் போட் ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்று அவர் கேட்டபோது சலீம் பாய் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாலாற்றில் லாரி ஓடும், மாட்டு வண்டி ஓடும், எப்போதாவது தண்ணீரும் ஓடும். படகு ஓடி யார் பார்த்தது? ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

அவருடைய கணவர் மோசஸ் சார், ஷூ கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் மேனேஜர். சென்னையில் ஏலத்தில் எடுத்து வந்த சின்ன ஃபைபர் படகு அது, பின்னால் எஞ்சின் தொங்கும். பிள்ளைகள் இல்லாத அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதில் பெரிய ஏரியைச் சுற்றுவார்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு சார் மட்டும் தனியாகப் போனார். சாயந்திரம் படகு ஏரி நடுவில் தனியாக நின்றிருந்தது. உள்ளே செருப்பும் கைக்கடிகாரமும் இருந்தன, ஆள் இல்லை. எவ்வளவோ தேடியும் உடல் கிடைக்கவில்லை. படகை லாரியில் கொண்டுவந்து வீட்டுக் காம்பவுண்டில் இறக்கி மூடிவைத்தார்கள். அதற்குப் பிறகு எஞ்சின் மேல் யாரும் கை வைக்க டீச்சர் விட்டதில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "ஏரி இந்த வருஷம் ரொம்பி இருக்கு தம்பி. அந்த போட்லயே நடுவுக்குப் போயி, பூவப் போட்டு ஜெபம் பண்ணிட்டு, கல்லறைல அவர் பேரையும் என் பேரையும் சேத்து வெட்டிடலாம்னு இருக்கேன். கல்லு வேலைக்காரரு காத்துனு இருக்காரு."

தார்ப்பாய்க்குள்

வெயிலிலும் மழையிலும் இத்தனை வருஷம் கிடந்த வண்டியைத் திறந்தால் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எலி, குளவிக்கூடு, ஒரு தடவை சாரைப்பாம்பு. அதனால் பாயை முன்னால் அனுப்பிவிட்டு நான் கம்போடு பின்னால் நின்றேன். தோழமை என்றால் அப்படித்தான். தார்ப்பாய் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது. மேலே புங்கமரம், சுற்றிலும் புதர். படகுக்குள்ளே மட்டும் ஒரு எறும்புகூட இல்லை.

பலகைக்கு அடியில் ஒரு ஜோடி தோல் செருப்பு, வாசலில் கழற்றிவிட்ட மாதிரி பக்கம் பக்கமாக இருந்தது. தோல் ஊரில் பிறந்த எனக்கு, கிடந்த தோல் எப்படி ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. விறைத்துப் பூஞ்சை பிடித்து வாயைப் பிளந்துகொண்டு இருக்க வேண்டும். பாய் அதைக் கையில் எடுத்து வளைத்தார். இன்று காலைதான் யாரோ போட்டுக் கழற்றியது போல அது மெத்தென்று வளைந்தது. பாய் அதை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். 

பின்னால் நின்றிருந்த டீச்சர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "வாரா வாரம் ஓரமா கைய விட்டு எடுத்து எண்ண போடுறேன் தம்பி. காஞ்சா காலக் கடிக்கும் இல்ல?"

பிசின்

எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். டாங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் நாற்றம். உள்ளே இருந்த பெட்ரோல் பிசினாகி, கம்பியை விட்டால் கம்பி நின்றது. டாங்கே இந்த லட்சணம் என்றால் கார்ப்பரேட்டரைக் கேட்க வேண்டுமா? அதில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கட்டியாகி, சின்ன ஓட்டைகளை எல்லாம் அடைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நமக்கு மோட்சம் கிடைத்துவிடும். திட்டிக்கொண்டே திறந்தேன்.

உள்ளே கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி சுத்தமாக இருந்தது. எனக்குத் திட்டுவது நின்றுபோனது. எஞ்சின் தானாக நின்றாலும் சரி, சுவிட்சை அணைத்தாலும் சரி, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும். டாங்கிலிருந்து பெட்ரோல் வரும் டேப்பை மூடிவிட்டு, உள்ளே இருக்கும் கடைசிச் சொட்டு எரியும் வரை ஓடவிட்டால்தான் இப்படிக் காயும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தப்போகிற பொறுப்பான ஆள் செய்கிற வேலை அது. டேப்பைப் பார்த்தேன். மூடியிருந்தது. பழைய டேப் உடைந்ததால் சார் வேறொன்றை எஞ்சினுக்குப் பின்பக்கம், தண்ணீர்ப் பக்கமாக மாட்டியிருந்தார். படகுக்குள் உட்கார்ந்தால் கை எட்டாது. கரையோரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுதான் அதை மூட முடியும்.

எங்கள் பட்டறையில் ரேடியோ பாடாத நேரம் கிடையாது. பாய் போய் அதை நிறுத்திவிட்டு வந்து, கார்ப்பரேட்டரை எட்ட நின்றே பார்த்தார்: "முருகேசா, முழுகிப் போறவன் பெட்ரோல் டேப்ப மூடிட்டா முழுகுவான்?"

டிரம்முக்குள் ஓடிய எஞ்சின்

டீச்சரிடம் சொல்லக் கூடாது என்று நானும் பாயும் முடிவு செய்தோம். இத்தனை வருஷம் அந்த அம்மாள் விதவையாக வாழ்ந்துவிட்டார்; அவர் புருஷன் விட்டுவிட்டுப் போனவன் என்று சொல்ல நாங்கள் யார்? டேப்பை முன்பக்கம் மாற்றித் தரவா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். எல்லாவற்றையும் கழுவி மாட்டி, டீச்சர் வீட்டு வாசலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் தொங்கவிட்டோம். இந்த மாதிரி எஞ்சின் தண்ணீரில் நின்றால்தான் ஓடும்.

கயிற்றை ஒரே ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். நேற்று நிறுத்தி வைத்த ஜெனரேட்டரே ஒரு இழுப்புக்குக் கிளம்பாது, தோள்பட்டையைப் பிடுங்கிவிட்டுத்தான் மூச்சு விடும். இது நான் கயிற்றை விடுவதற்குள் ஓட ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய நான் இரண்டடி பின்னால் போனேன்.

வீட்டுக்குள்ளிருந்து டீச்சர் வேகமாக வந்தார். எங்களைப் பார்க்காமல் நேரே கேட்டுக்குப் போய் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஏரி; சார் எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாள்களில் அந்தச் சத்தம் கேட்டால் கேட்டைத் திறப்பது அவர் கைக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். எதிர்வீட்டில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த வயதான அம்மாள் எழுந்து வந்து, டிரம்மையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "இன்னாப்பா, சார் வந்துட்டாரா?"

குத்தகைக்காரர்

ஏரியில் படகை இறக்க மீன் குத்தகைக்காரர் தணிகாசலத்திடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடு ஏரியிலிருந்து படகை இழுத்து வந்தவரும் அவர்தான். நீங்கள் டேப்பை மூடினீர்களா, எஞ்சினைத் தொட்டீர்களா என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். போலீஸ் வரும் வரை தான் கயிறு கட்டி இழுத்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று அடித்துச் சொன்னார். பிறகு வாயைக் கிண்ட வேண்டிய தேவையே இல்லாமல் அவராகவே ஆரம்பித்தார். நாள் முழுக்க வலை போட்டாராம், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கொலுசு போட்டாராம். வலையில் பழைய சைக்கிள்கூட வந்தது, சார் வரவில்லை.

ஏரியைப் பார்த்தபடி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அப்புறம் வந்த பஞ்சத்துல ஏரி சுத்தமா வத்திப் போச்சு. மண்ணு வெடிச்சுக் கெடந்துது, பசங்க உள்ள எறங்கி கிரிக்கெட் ஆடினானுங்க. ஒரு எலும்பு? ஒரு பல்லு? ஊஹூம்."

நடு ஏரி

ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையோடு, மடியில் சம்பங்கிக் கூடையோடு டீச்சர் படகில் உட்கார்ந்தார். பாய் வர மறுத்துவிட்டார், கரையில் செல்போனோடு நின்றார். நான் தண்ணீரில் நின்று டேப்பைத் திறந்துவிட்டு ஏறினேன். வெயில் கொளுத்தியது. ஆனாலும் ஏரிக்கு மேல் ஒரு கொக்குகூடப் பறக்கவில்லை. நடுவுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். சுவிட்சை அணைத்தேன். தூரத்தில் ஹைவே லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் பைபிளைத் திறக்கவில்லை, பூவையும் தொடவில்லை. "அவரு இப்படி டக்குனு நிறுத்தமாட்டாரு. கரைல எறங்கி, பின்னால நின்னு டேப்ப மூடி, அது தானா அடங்கற வரைக்கும் கேட்டுனே நிப்பாரு" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் இருந்துதா தம்பி?"

இத்தனை வருஷம் அவர் யாரையும் அந்த எஞ்சினைத் தொட விடாததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருந்தது என்று நான் சொன்னால் சார் செத்துப்போவார், டீச்சர் பூவைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அந்த ஒரு வார்த்தையை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். தினமும் பத்துப் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. "இல்ல டீச்சர், ஒரு சொட்டுகூட இல்ல" என்றேன். அழுவார் என்று நினைத்தேன். அவரோ பாய் நின்ற கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எதிர்க்கரையை ரொம்ப நேரம் பார்த்தார். அங்கே பனைமரங்களுக்குப் பின்னால் பஸ் ரோடு போகிறது. அந்தப் பக்கம் விடச் சொன்னார்.

கரையோரம் புடவை நனைய முழங்கால் தண்ணீரில் இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் போய் நின்று, பழகிய கையால் டேப்பை மூடினார். கடைசிச் சொட்டு தீரும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். அது விக்கி விக்கி அடங்கியது. அந்த முகத்தில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது; எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். பூக்கூடையைப் பலகை மேல் வைத்தார். நான் இறங்க எழுவதற்குள், இரண்டு கையாலும் படகை ஒரே தள்ளாகத் தள்ளினார். காற்று வாங்கிக்கொண்டது. அன்றைக்குச் சார் தள்ளிவிட்டபோது போயிருக்கும் மாதிரியே படகு தானாக நடு ஏரியை நோக்கிப் போனது. கரையேறிய டீச்சர் புடவையைப் பிழிந்துகொண்டே, பஸ் ரோட்டைப் பார்த்தபடி குரல் கொடுத்தார்: "கல்லு வேலைக்காரர்கிட்ட சொல்லிடுங்க தம்பி. அவர் பேரு வேணாம். என் பேர மட்டும் வெட்டச் சொல்லுங்க."

கைக்கு எட்டாத டேப்போடும் ஒரு கூடை சம்பங்கியோடும் நடு ஏரியில் உட்கார்ந்து, பாய் யாரையாவது கெஞ்சிக் கூட்டிவரும் வரைக்கும், 'ஓட வைப்பதற்கு மட்டுமே கியாரண்டி, போய்ச் சேரும் இடத்துக்குக் கியாரண்டி இல்லை' என்று பட்டறை வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டிவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.